பால்ய நட்பைச் சொல்லும் நாவலுக்கு வாசிப்பனுபவம் எழுதுவது எப்படி

பால்ய நட்பைச் சொல்லும் நாவலைப் படித்து முடித்த கையோடு எழுத உட்காருபவர்கள், பெரும்பாலும் தங்கள் பழைய சிநேகிதனைப் பற்றி எழுதிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். இரண்டாம் பத்தியிலேயே நாவல் காணாமல் போய்விடும். அதற்குப் பயந்த இன்னொரு சாரார் கதையை முதலிலிருந்து கடைசிவரை ஒப்பித்து, 'நட்பின் மேன்மையை ஆசிரியர் அழகாகச் சொல்லியிருக்கிறார்' என்று முடித்துக்கொள்வார்கள். அங்கே காணாமல் போவது வாசகர். வாசிப்பனுபவம் என்றால், நாவலின் எந்த இடம், எந்தச் சொற்களால், உங்களை என்ன செய்தது என்று சொல்வது. மூன்றில் ஒன்று விடுபட்டாலும் கட்டுரை நொண்டும்.

இந்த வகை நாவலில் அதற்கு ஒரு நல்ல பிடி கிடைக்கும். நட்பு ஏதாவது ஒரு கட்டத்தில் விலை கேட்கும். அந்த விலையை யார் கொடுத்தார்கள், யார் கொடுக்காமல் நழுவினார்கள் என்பதில்தான் இத்தகைய கதைகள் சுழல்கின்றன. அந்தக் காட்சியைக் கண்டுபிடித்து, கட்டுரையை அதன் மேல் நிறுத்துங்கள்.

முதல் வாசிப்பில் குறி மட்டும்

முதல் முறை படிக்கும்போது குறிப்பு எழுதாதீர்கள். கையில் பென்சில் இருக்கட்டும். ஓரத்தில் மூன்று குறிகள் போதும். மனம் அசைந்த இடத்தில் ஒரு கோடு. கதைசொல்லி எதையோ மறைக்கிறான் என்று தோன்றினால் ஒரு கேள்விக்குறி. யார் மீதாவது கோபம் வந்தால் ஒரு பெருக்கல் குறி. கிண்டிலில் படிப்பவர்கள் இதையே மூன்று நிறங்களாக வைத்துக்கொள்ளலாம். நூலகப் புத்தகம் என்றால் சின்னத் துண்டுச்சீட்டுகளைச் செருகிக்கொள்ளுங்கள். பதிப்புக்குப் பதிப்பு பக்க எண் மாறும் என்பதால் அத்தியாய எண்ணையும் சேர்த்துக் குறித்துக்கொள்வது நல்லது.

முழு வாக்கியமாகக் குறிப்பெழுதக் கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. எழுத ஆரம்பித்த நொடியில் நீங்கள் கதைக்குள்ளிருந்து வெளியேறி, கதையைப் பற்றிப் பேசுகிறவராகிவிடுகிறீர்கள். வாசகரின் பங்கைப் பற்றி 1938லேயே விரிவாக எழுதியவர் அமெரிக்கப் பேராசிரியர் லூயிஸ் ரோசன்பிளாட். 1978இல் வெளிவந்த நூலில் அவர் வாசிப்பின் இரண்டு போக்குகளை விளக்கினார்: படித்து முடித்தபின் கையோடு எடுத்துச்செல்ல எதையாவது தேடிப் படிப்பது ஒன்று; படிக்கிற அந்த நேரத்தில் உள்ளுக்குள் நடப்பதிலேயே கவனம் வைத்து வாழ்ந்து படிப்பது இன்னொன்று. நமக்கு முதலில் வேண்டியது இரண்டாவது. முதலாவதற்கு மறுவாசிப்பில் நேரம் இருக்கிறது.

புத்தகத்தை மூடிய ஒரு மணி நேரத்துக்குள், அதைத் திறக்காமலே பத்து வரி எழுதுங்கள். திருத்த வேண்டாம். பிறகு இரண்டு நாள் சும்மா விட்டுவிடுங்கள். மூன்றாம் நாள், நினைவில் நிற்கும் காட்சிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். நான்கைந்து தேறினால் தாராளம். அப்புறம் புத்தகத்தை எடுத்து ஓரக் குறிகளோடு ஒப்பிடுங்கள். படிக்கும்போது குறியே போடாத ஒரு காட்சி இரண்டு நாள் கழித்தும் மனதில் நின்றிருந்தால், அதை விட்டுவிடாதீர்கள். உங்களுக்கே தெரியாமல் உள்ளே இறங்கியது அது. கட்டுரைக்கான பொருள் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.

மறுவாசிப்பும் விலை கேட்கும் காட்சியும்

மறுவாசிப்புக்கு முழு நாவலும் தேவையில்லை. நட்பு தொடங்கும் இடம், முதல் சிறு சோதனை, முறியும் இடம், கடைசியாகச் சந்திக்கும் அல்லது சந்திக்கத் தவறும் இடம் என்று நான்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 300 பக்க நாவலில் இவை ஏறக்குறைய 50, 60 பக்கங்களுக்குள் அடங்கிவிடும்.

இந்த நான்கில் பலரும் தவறவிடுவது இரண்டாவதை. நல்ல நாவலாசிரியர் பெரிய முறிவுக்கு வெகுமுன்பே, யாரும் கவனிக்காத மாதிரி, மலிவான விலையில் ஒரு சோதனையை வைத்திருப்பார். விளையாட்டில் ஒரு பொய், உடைந்த கண்ணாடி, ஒளித்துவைத்த மதிப்பெண் அட்டை. அங்கே விலை ஓர் அடியோ ஒரு திட்டோதான். பிற்பாடு வரும் பெரிய காட்சியில் அதே நிலைமை பல மடங்காகத் திரும்பி வரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், பெரிய துரோகம் திடீரென்று வந்ததில்லை, சின்ன வயதிலேயே ஒத்திகை பார்க்கப்பட்டது என்பது தெரியும். இதைக் கண்டுபிடித்துச் சொன்னாலே கட்டுரை பாதி எழுந்து நின்றுவிடும்.

எப்படி உற்றுப் பார்ப்பது? ஒரு நாவலில் இப்படி நான்கு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

'யார் உடைச்சது?' என்று கேட்டார் அப்பா. நான் தரையைப் பார்த்தேன். அவன் ஒரு அடி முன்னால் வந்து, 'நான்தாங்க பெரியவரே' என்றான். அன்று ராத்திரி என் தட்டில் ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தது.

முதலில் வினைச்சொற்களைப் பாருங்கள். நண்பன் முன்னால் வருகிறான்; கதைசொல்லி பார்க்க மட்டும் செய்கிறான், அதுவும் தரையை. அவன் பொய் சொல்லவில்லை. மௌனமாக இருந்தேன் என்றுகூட ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்து விளியைப் பாருங்கள். 'பெரியவரே' என்ற ஒரே சொல்லில், இந்த இரண்டு பிள்ளைகளும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் இல்லை, ஒரே குற்றத்துக்கு இருவருக்கும் ஒரே தண்டனை கிடைக்காது என்பது வந்துவிடுகிறது. கடைசி வரி இன்னும் முக்கியம். தனக்குக் கிடைத்த கூடுதல் கரண்டியைச் சொல்கிறவன், நண்பனுக்கு அன்று என்ன கிடைத்தது என்று சொல்லவே இல்லை. போட்டவர் யார் என்றும் இல்லை. 'விழுந்தது' என்கிறான், தானாக விழுந்த மாதிரி. இத்தனை வருடம் கழித்துச் சொல்லும்போதும் அந்த இரவின் மறுபாதியை அவனால் நேருக்கு நேர் பார்க்க முடியவில்லை.

நான்கே வரியில் இவ்வளவு இருக்கும். ஆகவே நாவல் முழுக்க மேற்கோள் பொறுக்காமல், இரண்டு அல்லது மூன்று இடங்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் வினைச்சொல், விளி, விடுபட்டது என்ற மூன்றையும் பாருங்கள். மேற்கோள் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். அதன் கீழே வரும் உங்கள் விளக்கம் மேற்கோளைவிட மூன்று மடங்காவது இருக்கட்டும். மேற்கோளை வைத்துவிட்டு 'எவ்வளவு உண்மை!' என்று கடந்துபோனால், வாசகருக்கு நாவலின் ஒரு வரி கிடைத்திருக்கும், உங்களுடையது கிடைத்திருக்காது.

சொல்கிறவன் யார், ஏன் இப்போது சொல்கிறான்

இத்தகைய நாவல்கள் பலவற்றில், கதையைச் சொல்பவன்தான் நட்பில் தவறியவன். வளர்ந்தபின் திரும்பிப் பார்த்துச் சொல்கிறான். காலித் ஹுசைனியின் 2003ஆம் ஆண்டு நாவலான 'தி கைட் ரன்னர்' 2001 டிசம்பரில் நின்றுகொண்டு 1975ஆம் ஆண்டின் குளிர்காலத்தைத் திரும்பிப் பார்க்கிறது. ஜான் நோல்ஸின் 1959ஆம் ஆண்டு நாவலான 'எ செபரேட் பீஸ்' பதினைந்து ஆண்டுகள் கழித்துத் தன் பழைய பள்ளிக்குத் திரும்பிவரும் மனிதனோடு தொடங்குகிறது. நடந்ததற்கும் சொல்வதற்கும் நடுவிலுள்ள இந்த ஆண்டுகளை எண்ணி எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையில் அந்த எண் கட்டாயம் வர வேண்டும்.

ஒரு தாளை நடுவில் மடித்து, இடது பக்கம் 'அன்று தெரிந்தது', வலது பக்கம் 'இன்று தெரிவது' என்று தலைப்பிடுங்கள். முறிவுக் காட்சியின் ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து, இதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை அறிந்திருக்க முடியுமா என்று கேட்டு, அதற்குரிய பக்கத்தில் போடுங்கள். 'பின்னாளில்தான் புரிந்தது', 'அன்றைக்கு எனக்குத் தெரியாது' போன்ற தொடர்கள் வரும் இடமெல்லாம் வளர்ந்தவன் உள்ளே நுழைகிறான். வலது பக்கம் நிரம்பி வழிந்தால், நீங்கள் படித்துக்கொண்டிருப்பது சிறுவனின் அனுபவத்தைவிட அதிகமாகப் பெரியவனின் குற்றவுணர்ச்சியை. அதனால் நாவல் மட்டம் என்று ஆகிவிடாது. ஆனால் எதைப் பற்றி எழுதுகிறோம் என்பது உங்களுக்குத் தெளிவாகிவிடும்.

இங்கே நடக்கும் பெரிய தவறு, குழந்தையைப் பெரியவனின் தராசில் நிறுத்துவது. 'கோழை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அந்த வயதில் அவன் எதற்குப் பயந்தான், யாருடைய அன்பை இழந்துவிடுவோம் என்று நினைத்தான் என்று நாவல் சொல்லியிருக்கும். அதைத் தேடி எடுத்துவைத்துவிட்டு அப்புறம் தீர்ப்புச் சொல்லுங்கள். தன்மையில் எழுதப்பட்டிருக்கிறது என்பதற்காக 'ஆசிரியர் தன் நண்பனைக் கைவிட்டார்' என்றும் எழுதக் கூடாது. 'கதைசொல்லி' என்ற சொல் அதற்குத்தான் இருக்கிறது.

நேரடியாகச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், இந்த மாதிரி ஒப்புதல் வாக்குமூலம் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறது. மன்னித்தீர்களா? எந்த இடத்தில்? மனம் மாறியதா? இதற்கு நேராகப் பதில் எழுதுங்கள். கட்டுரையில் ஒரே ஒரு இடத்தில்தான் துணிச்சல் காட்ட முடியும் என்றால், இங்கே காட்டுங்கள்.

கைவிடப்பட்டவனின் பக்கம் இன்னொரு கதை. அவன் மனதுக்குள் என்ன ஓடியது என்பது பெரும்பாலும் நமக்குச் சொல்லப்படாது. ஜெர்மானிய அறிஞர் வொல்ஃப்காங் ஐசர் 1970களில், பிரதி விட்டுவைக்கும் இடைவெளிகளை வாசகர் தானே நிரப்பிக்கொள்கிறார் என்று விளக்கினார். நட்பு நாவலில் மிகப் பெரிய இடைவெளி அந்த நண்பனின் மௌனம்தான். எல்லாம் தெரிந்தும் அவன் ஏன் பேசாமல் இருந்தான்? அன்பு, பயம், பழக்கம், வேறு போக்கிடம் இல்லாமை. இவற்றில் எதை வைத்து நீங்கள் நிரப்பினீர்கள் என்று எழுதுங்கள். அதே நாவலைப் படித்த இன்னொருவரிடம் கேட்டுப் பார்த்தால், அவர் வேறொன்றை வைத்து நிரப்பியிருப்பார். 'நான் அன்பு என்று படித்தேன், ஆனால் பயம் என்று படிக்கவும் இடமிருக்கிறது' என்று ஒரு வரி எழுதினாலே கட்டுரைக்கு நேர்மை வந்துவிடும்.

'விசுவாசம்' என்று எழுதும் முன்

தமிழில் விசுவாசம் என்ற சொல் பெரும்பாலும் கீழிருந்து மேலே போகும். வேலைக்காரனின் விசுவாசம், நாயின் விசுவாசம் என்கிறோம்; முதலாளியின் விசுவாசம் என்று யாரும் சொல்வதில்லை. இரண்டு சமமான சிறுவர்களின் நட்புக்கு அந்தச் சொல்லைப் போட்டால், உங்களை அறியாமலே ஒருவனை மேலேயும் ஒருவனைக் கீழேயும் வைத்துவிடுவீர்கள். நாவலே அவர்களை அப்படித்தான் வைத்திருக்கிறது என்றால் போடுங்கள்; போட்டு, ஏன் போட்டீர்கள் என்றும் சொல்லுங்கள். சோறு போட்டவனுக்காகப் போரில் நிற்பதைச் செஞ்சோற்றுக்கடன் என்கிறோம். அதில் அன்பு இருந்தாலும் கடன் என்றுதான் பெயர். உங்கள் நாவலில் இருப்பது கடனா, நட்பா, இரண்டும் பிரிக்க முடியாமல் கலந்ததா என்று கேட்டுப் பாருங்கள்.

பிள்ளைகளின் உலகத்தில் இதற்கு வேறு சொல் இருக்கிறது: காட்டிக்கொடுக்காமை. அவர்களுக்கு நட்பின் சட்டம் அது ஒன்றுதான். பெரியவர்களின் சட்டமோ உண்மையைச் சொல்லச் சொல்கிறது. இந்த இரண்டும் மோதும் இடத்தில்தான் முறிவு நடக்கும். எந்தச் சட்டத்தை மீறினாலும் ஒரு துரோகம்.

திருக்குறள் நட்புக்கென்று 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருக்கிறது: நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு. இவற்றை மேற்கோள் அலங்காரமாக இல்லாமல் அளவுகோலாகப் பயன்படுத்தலாம். ஆராயாமல் நட்புக்கொள்வதைப் போன்ற கேடில்லை என்கிறது நட்பாராய்தல். ஆனால் பால்ய நட்பு என்பதே ஆராயாமல் கொண்ட நட்பு. ஒரே சுவர், ஒரே பெஞ்சு, ஒரே பந்து சேர்த்துவைத்தது. ஆராயும் வயது வந்தபின் அந்த நட்பு என்ன ஆகிறது என்பதுதான் பல நாவல்களின் கதை. 'பழைமை' அதிகாரமோ, நண்பர் நோகும்படி ஏதாவது செய்தால் அறியாமை என்றோ மிகுந்த உரிமை என்றோ எடுத்துக்கொள் என்கிறது. உங்கள் நாவலில் நடந்ததை இந்த இரண்டுக்குள் அடக்க முடிகிறதா? முடியவில்லை என்றால் எது மிஞ்சுகிறது? அந்த மிச்சத்தைப் பற்றி எழுதுங்கள். கட்டுரையைக் குறளோடு தொடங்குவதும் குறளோடு முடிப்பதும் மட்டும் வேண்டாம். அது மேடைப் பேச்சாகிவிடும்.

மொழிபெயர்ப்பு நாவலாக இருந்தால்

சொல்லை வைத்து வாதிடும்போது ஒரு எச்சரிக்கை. ஆங்கிலத்திலிருந்து வந்த நாவலில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையை 'நீ' என்கிறதா, 'நீங்க' என்கிறதா, 'டா' போடுகிறதா என்பதை முடிவுசெய்தவர் மொழிபெயர்ப்பாளர். மூலத்தில் ஒரே சொல்தான் இருந்திருக்கும். ஆகவே விளியை வைத்து 'ஆசிரியர் நுட்பமாகக் காட்டுகிறார்' என்று எழுதும் முன் மூலத்தின் அந்தப் பக்கத்தைப் பாருங்கள். பார்க்க முடியாவிட்டால், 'தமிழில் இப்படி வந்திருக்கிறது' என்று எழுதுங்கள். மொழிபெயர்ப்பாளர் பெயரை முதல் பத்தியிலேயே போடுங்கள். மூல மொழியும் மூலம் வெளிவந்த ஆண்டும் அதனோடு வரட்டும்.

உங்கள் வாழ்க்கைக்கு எவ்வளவு இடம்

கட்டுரையின் எட்டில் ஒரு பங்கு. அதற்கு மேல் போனால் அது நினைவுக் குறிப்பு; தனியாக எழுதிக்கொள்ளலாம். நினைவு நாவலின் ஒரு குறிப்பிட்ட வரியிலிருந்து கிளம்பி, அதே வரிக்குத் திரும்பி வர வேண்டும். தேவையா என்று பார்க்க ஒரு வழி: அந்தப் பத்தியை எடுத்துவிட்டுக் கட்டுரையைப் படியுங்கள். நாவலைப் பற்றி நீங்கள் சொன்னதில் எதுவும் குறையவில்லை என்றால், நினைவு அங்கே வெறும் அலங்காரம்; வெட்டிவிடுங்கள். உங்கள் பழைய நண்பரின் பெயர், ஊர், வேலை எதையும் போடாதீர்கள். அவர் தன் பக்கத்தைச் சொல்ல அங்கே இல்லை. நாவலில் எதைக் குறையாகச் சொல்கிறீர்களோ அதையே அவருக்குச் செய்துவிடக் கூடாது.

எழுதும்போது

ஆயிரம் சொல் என்று வைத்துக்கொண்டால், விலை கேட்கும் காட்சிக்கும் அதன் ஒத்திகைக்கும் சேர்த்து 400 வரை கொடுங்கள். கதைச்சுருக்கம் 150ஐத் தாண்டக் கூடாது. அதுவும் தொடக்கத்தில் வேண்டாம், காட்சிக்குள் நுழைந்தபின் தேவையான அளவு. கதைசொல்லிக்கு 200, நினைவுக்கு 120. மீதி குறைகளுக்கு.

தொடக்கம் நேராகக் காட்சியில் இருக்கட்டும். 'நட்பு என்பது உன்னதமான உறவு' என்று ஆரம்பித்தால் அடுத்த வரியைப் படிக்க யாருக்கும் காரணமில்லை. 'தோழன் முன்னால் வரும்போது கதைசொல்லி தரையைப் பார்க்கிறான். நாவல் முடியும்வரை அவன் அந்தத் தரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை' என்று ஆரம்பித்துப் பாருங்கள்.

முறிவை வெளியில் சொல்லாமல் எழுத வேண்டுமானால், ஒத்திகைக் காட்சியை முழுதாக அலசிவிட்டு, 'இதே நிலைமை பிற்பாடு திரும்பி வருகிறது. அப்போது விலை கண்ணாடியோடு நிற்கவில்லை' என்று நிறுத்திக்கொள்ளலாம். நாவலைப் படிக்காதவருக்கு எதுவும் கெடாது, படித்தவருக்கு எல்லாம் புரியும். முறிவைப் பேசியே ஆக வேண்டும் என்றால் அதற்கு முந்தைய பத்தியில் ஒரு வரி எச்சரிக்கை போடுங்கள்.

குறை சொல்லாத வாசிப்பனுபவத்தை நம்புவது கடினம். இந்த வகை நாவல்களில் அடிக்கடி வரும் கோளாறுகள் சில உண்டு. கைவிடப்பட்ட நண்பன் மாசுமருவற்றவனாக இருப்பான். கோபப்படமாட்டான், பொறாமைப்படமாட்டான், ஒரு தடவைகூட அற்பமாக நடந்துகொள்ளமாட்டான். அப்படிப்பட்டவன் ஒரு பிள்ளையாக இல்லாமல், கதைசொல்லியின் மனசாட்சிக்காகச் செய்துவைத்த பொம்மையாகிவிடுகிறான். அவனுக்கென்று சொந்தமாக ஓர் ஆசை நாவலில் இருக்கிறதா என்று தேடுங்கள். ஒன்றுகூட இல்லையென்றால் அதை எழுதுங்கள். இன்னொன்று, மன்னிப்புக் கேட்க வேண்டிய கட்டம் நெருங்கும்போது அவன் இறந்துபோவது. சில நாவல்களில் அது கதையின் தர்க்கப்படி வரும். சிலவற்றில் ஆசிரியர் ஒரு கடினமான உரையாடலை எழுதாமல் தப்பித்துக்கொள்ள வரும். எது என்று கண்டுபிடிக்க, அவன் உயிரோடு இருந்து எதிரே உட்கார்ந்தால் முதலில் என்ன சொல்லியிருப்பான் என்று யோசியுங்கள். பதிலுக்கான தடயம் நாவலுக்குள் இருந்தால் ஆசிரியர் வேலையைச் செய்திருக்கிறார். மூன்றாவது, பிராயச்சித்தம் குற்றத்தோடு அச்சு அசலாகப் பொருந்திவிடுவது: அன்று தவறவிட்டதையே இன்று அதே மாதிரி செய்து கணக்கைத் தீர்ப்பது. வாசகருக்கு நிம்மதி கிடைக்கும், ஆனால் அந்த நிம்மதியைச் சந்தேகப்பட வேண்டும்.

முடித்தபின் 'மனதைத் தொட்டது', 'கண் கலங்கியது', 'நெகிழ்ந்தேன்', 'உலுக்கியது' ஆகியவற்றைத் தேடி வட்டமிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பதிலாக உண்மையில் நடந்ததை எழுதுங்கள்: புத்தகத்தை மூடிவைத்தீர்களா, அந்தப் பக்கத்தைத் திரும்பப் படித்தீர்களா, யார்மீது கோபம் வந்தது, அந்தக் கோபம் எத்தனை பக்கம் நீடித்தது. அடுத்த நாள் ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மேற்கோளுக்கும் உங்கள் வாக்கியத்துக்கும் நடுவில் குரல் திடீரென்று ஏறினால், அங்கே உணர்ச்சியை ஊதியிருக்கிறீர்கள்; இறக்குங்கள். தலைப்பைக் கடைசியில் வையுங்கள். நட்பு, துரோகம், மன்னிப்பு போன்ற பெரிய சொற்களைத் தலைப்பில் போடாமல், காட்சியிலிருந்த ஒரு பொருளின் பெயரை வைத்தால் போதும். மேலே பார்த்த நான்கு வரிக்கு என்றால், 'ஒரு கரண்டி கூடுதல்'.